சூடிப் பார்த்து அனுப்புதல்: மின்னஞ்சல் வரைவு ஒப்புதல் குறித்த ஓர் ஆய்வு

செயற்கை நுண்ணறிவு மின்னஞ்சலை எழுதித் தரும். மனிதர் பார்த்துச் சரி என்றால்தான் அது கிளம்பும். இந்த ஏற்பாடு கலிபோர்னியாவில் பிறந்தது என்றொரு கருத்து அறிஞர்களிடையே நிலவுகிறது. ராஜபாளையம் வட்டாரத்துக்குள் கால் வைக்காததால் வந்த பிழை அது.

முதற்சான்று, தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில். சோழன் ஒருவன் பாண்டியனுக்கு அழகிய ஆடை ஒன்றைப் பரிசாக அனுப்பினான். அதில் நஞ்சு இருந்தது. ஈசன் கனவில் வந்து எச்சரிக்க, பாண்டியன் ஆடையைக் கொண்டுவந்தவனையே உடுத்திக்காட்டச் சொன்னான். உடுத்தியவன் எரிந்துபோனான் என்பது தலக்கதை. 'வந்ததைத்தானே சோதித்தான், அனுப்புவதை அல்லவே' என்று சிலர் மறுக்கக்கூடும். இவ்வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் நிலம், தேவதானம் ஆகாயம். மின்னஞ்சல் நிலத்தில் நடந்தா போகிறது? மறுப்பு இத்துடன் தள்ளுபடி செய்யப்படுகிறது.

இரண்டாம் சான்று ஸ்ரீவில்லிபுத்தூர். வடபத்ரசாயிக்குப் பெரியாழ்வார் கட்டிவைத்த மாலையை அவர் மகள் கோதை தான் சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்துவிட்டுக் கூடையில் திரும்ப வைத்தாள். மாலையில் ஒரு முடியைக் கண்ட ஆழ்வார் பதறிப்போய் வேறு மாலை கட்டினார். பெருமாளோ சூடிய மாலைதான் வேண்டும் என்றார். ஆக, ஒப்புதலில் இரண்டு மரபுகள்: நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது தேவதான மரபு, நமக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது வில்லிபுத்தூர் மரபு. அரசாங்கத்துக்கும் இது புதிதல்ல: சோழர் காலத்தில் அரசன் வாய்மொழியாகச் சொன்னதை ஓலையில் எழுத ஒருவரும், எழுதியதைச் சரிபார்க்க ஓலைநாயகமும் இருந்தார்கள். சென்னைத் தலைமைச் செயலகக் கோட்டையில் இன்றும் வரைவுகள் ஒப்புதலுக்காக மேசை மேசையாக ஏறி இறங்குகின்றன. அதை விரித்தால் கட்டுரையும் அதே வேகத்தில் நகரும்.

கள ஆய்வுக்கு வருவோம். பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன சத்திரப்பட்டியில் ஏற்றுமதி செய்யும் அண்ணாச்சி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'சரக்கு எங்கே?' என்று ஜெர்மனியிலிருந்து கடிதம். அண்ணாச்சி போனை வாயருகே பிடித்து, "நூல் விலை ஏறிப்போச்சு, கன்டெய்னரும் கிடைக்கல, அடுத்த வாரம் பாப்போம்னு பக்குவமா எழுது" என்கிறார். இயந்திரம் பக்குவமாகவே எழுதுகிறது. நேர்ந்த அசௌகரியத்துக்கு ஆழ்ந்த வருத்தம். புதன்கிழமைக்குள் சரக்கு கட்டாயம் கப்பலேறும். தங்கள் பொறுமைக்கு நன்றியாக அடுத்த ஆர்டரில் 5 சதவீதம் தள்ளுபடி. புதன்கிழமையையும் தள்ளுபடியையும் அண்ணாச்சி சொல்லவே இல்லை. முதல் இரண்டு வரியைப் பார்த்து, "இங்கிலீஷ் என்னமா இருக்கு!" என்று வியந்து, தொடக்க வணக்கத்துக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியை மட்டும் சேர்த்து அனுப்பிவிடுகிறார். காற்புள்ளி போட்டதால் கடிதமே தாம் எழுதியது என்ற நிறைவும் அவருக்கு உண்டு.

இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது. நஞ்சு தடவுகிறவன் கந்தலைத் தேடமாட்டான். வரைவு தட்டுத்தடுமாறி இருந்தால் ஆள் உட்கார்ந்து படிப்பார். வழவழவென்று இருந்தால் விரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விடும். கூகுள் 2015இல் குறும்பதில்களை எடுத்துக்கொடுக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது, அதன் ஆரம்ப மாதிரி எதற்கெடுத்தாலும் 'ஐ லவ் யூ' என்று சொல்லத் துடித்ததாக ஆய்வாளர்களே எழுதினார்கள். ஜனங்கள் அடிக்கடி எழுதும் வாசகம் என்பதால், சந்தேகம் வந்தால் அதையே நீட்டியதாம். அது பாதுகாப்பான காலம். சரக்கு கேட்ட ஜெர்மன்காரருக்குக் காதல் கடிதம் போனால் எந்த அண்ணாச்சியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிப்பார். 5 சதவீதத் தள்ளுபடி அப்படிக் கூச்சல் போடாது.

எரிவது யார் என்பது அடுத்த கேள்வி. தேவதானத்தில் கொண்டுவந்தவன் எரிந்தான். இயந்திரத்துக்கு உடுத்திப் பார்க்க உடம்பில்லை. ஆகவே தீ அதை வைத்திருப்பவரைத் தேடி வரும். பாட்டி இறந்த துக்கத்துக்குப் பயணம் செய்த ஒருவருக்கு ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் இயந்திரம், கட்டணச் சலுகையைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தவறாகச் சொன்னது. அங்கே சரிபார்க்க மனிதர் எவரும் இல்லை. அந்த இயந்திரம் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற தோரணையில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பணம் கொடுத்தது நிறுவனம்தான். இயந்திரம் தனியே பேசியதற்கே இந்தக் கதி என்றால், பார்த்து ஒப்புதல் கொடுத்தவர் எங்கே போய் ஒளிவது?

அனுப்பிய பிறகு திரும்பப் பெற ஜிமெயில் தரும் அவகாசம் அதிகபட்சம் 30 விநாடி. அண்ணாச்சிக்கு அது டீ ஆறும் நேரம்கூட இல்லை.

ஆகவே மென்பொருள் செய்வோருக்கு ஒரு விண்ணப்பம்: வரைவில் உள்ள தொகை, தேதி, வாக்குறுதி மூன்றையும் தனியே மேலே எடுத்துக்காட்டுங்கள், அவற்றைத் தொட்டுச் சரி சொன்ன பிறகே 'அனுப்பு' பொத்தான் உயிர் பெறட்டும். அது வரும்வரை, அந்த மூன்றை மட்டுமாவது வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்புங்கள்.