டார்ச் சார்

ஐப்பசி அடைமழை ஓய்ந்த ராத்திரியில் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் டார்ச் வெளிச்சம் அலைந்தால், திருடன் என்று கூச்சல் போட்டுவிடாதீர்கள். மடித்துக் கட்டிய லுங்கி, கக்கத்தில் குடை, வலது கையில் உறையாக மாட்டிய பால் கவர். அவர்தான் நத்தை தேடும் நஞ்சில்லாத் தோட்டக்காரர். தெருவுக்கு ஒருவர் உண்டு. எங்கள் தெருவுக்கு டார்ச் சார். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். மெதுவாக நகர்கிறவர்களின் மனசு அவருக்கு நன்றாகவே புரியும்.

“இது நம்ம ஊர் நத்தையே இல்ல சார். ஆப்பிரிக்கா! 1847-ல பென்சன்னு ஒரு வெள்ளைக்காரன் மொரீஷியஸ்லேர்ந்து கல்கத்தாவுக்குக் கொண்டாந்தான். ஆண், பெண்ணுன்னு தனியா கிடையாது. ஒரு ஈட்டுக்கு நூறு, இருநூறு முட்டை!” நாள் முழுக்கப் பென்சன், பென்சன் என்று அவர் புலம்பியதில், அவருக்குப் பென்ஷன் நின்றுவிட்டதாகத் தெருவில் ஒரு வதந்தியே கிளம்பிற்று.

மருந்து வாங்கக் கூடாது என்பது விரதம். “அப்புறம் அந்தக் கீரையை யார் தின்கிறது?” நியாயம்தான். ஆனால் விரதக்காரர் செய்த வைத்தியங்கள் இருக்கின்றனவே! முதலில் உப்பு. செடியைச் சுற்றி ஒரு படி கொட்டினார். மிளகாய்ச் செடி கருகிற்று. நத்தை வெண்டைக்குக் குடிபோயிற்று. அடுத்தது முட்டை ஓடு. அவர் சைவம் என்பதால் எங்கள் வீட்டுக் குப்பையில் கை வைத்தார். நொறுக்கித் தூவினால் காலில் குத்துமாம். ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து தேடி, வெள்ளையடித்த என் மதிலையே ராவுகிற பிராணி அது. அதற்குப் போய் முட்டை ஓடு போட்டால் விருந்துதானே? இங்கிலாந்துத் தோட்டக்கலைச் சங்கத்தார் 2018-இல் முட்டை ஓடு, செம்புப் பட்டை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, ஒன்றாலும் கீரை தப்பவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் சொன்னேன். “அது அந்த ஊர் நத்தை சார்” என்றார்.

செண்பகப் பறவை நத்தை தின்னும் என்று தண்ணீர்க் கிண்ணமும் வைத்தார். தின்னும், உண்மை. ஆனால் அதற்குப் பகல் ஷிஃப்ட், இதற்கு ராத்திரி ஷிஃப்ட்.

பலித்தது ஒன்றுதான். சாயங்காலம் கோணிச்சாக்கை நனைத்து விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலையும் பப்பாளி இலையும் வைத்துவிட்டால், விடிவதற்குள் அத்தனையும் அங்கே கூடிவிடும். ஓட்டைப் பிடித்துத் தூக்கினால் நாலு கொம்பும் உள்ளே போகும், நுரை கக்கும். அப்படியே உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். வாளியும் தயார். டார்ச் சார் வாளியைப் பார்ப்பார், நத்தையைப் பார்ப்பார். “பாவம் சார், வாயில்லா ஜீவன்” என்பார். பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் வீசுவார்.

இந்தப் பக்கம் என்பது என் கத்திரிப் பாத்தி.

போன மாசம் ஆராய்ச்சியும் ஆரம்பித்தார். ரூத் புரூக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாட்டி, தோட்டத்து நத்தைகளுக்கு நெயில் பாலிஷால் பொட்டு வைத்துத் தூரத்தில் விட்டுப் பார்த்தாராம். அவை வீடு திரும்பினவாம். 2010-இல் பிபிசி பரிசே கொடுத்ததாம். டார்ச் சார் மகளின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துப் பதினொன்றுக்குப் பொட்டு வைத்தார். பால் கவரோடு மதில் ஓரம் வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

நாலாம் நாள் காலை, மதிலுக்கு மேலே அவர் தலை முளைத்தது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“பதினொண்ணுல ஒன்பது திரும்பி வந்துடுச்சு சார்! பிறந்த மண்ணு மேல என்ன பாசம் பாருங்க!”

நான் ஒன்றும் சொல்லவில்லை. மீதி இரண்டும் என் குறி தப்பிப் பின்வீட்டு மாட்டுக் கொட்டகையில் விழுந்தவை.