எதற்கும் ஒரு தடவை திறந்து பார்ப்பவர்

பழைய ஃபைபர் பாய்ப்படகைச் செப்பனிட்டுப் பெயின்ட் அடிப்பவர் கடலோர நாடுகள் எல்லாவற்றிலும் காணப்படுகிறார். செழித்து வளர்வது அமெரிக்காவின் கிழக்குக் கரையில், அதிலும் மேரிலாந்து மாநிலத்தின் செசாபீக் விரிகுடாவைச் சுற்றியுள்ள படகு யார்டுகளில். படகு கரையில் இரும்புக் கால்களின் மேல் நிற்கும். தண்ணீர் 50 அடி தள்ளி இருக்கும். அந்த 50 அடியைக் கடக்காமலே இவருடைய ஆயுளில் பாதி போய்விடுகிறது.

இந்த இனம் தோன்றியதற்கு வேதியியல் காரணம் உண்டு. மரப்படகு கவனிப்பாரற்றுக் கிடந்தால் உளுத்து, சில ஆண்டுகளில் மரியாதையாகக் கண்ணை மூடிவிடும். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து இறுகிய படகு அவ்வளவு எளிதில் சாகாது. 1959ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் கம்பெனி ‘டிரைட்டன்’ என்ற 28 அடிப் படகைக் கொண்டுவந்து வைத்தது. கார்ல் ஆல்பெர்க் வரைந்தது. விலை 10,000 டாலருக்குள். அந்த மாதிரியில் மட்டும் சுமார் 700 படகுகள் கட்டப்பட்டன. புதுப் பொருளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கட்டியவர்களுக்கே பிடிபடாத காலம் அது. எதற்கும் இருக்கட்டும் என்று தாராளமாகத் தடிமனாக வார்த்தார்கள். வாங்கியவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், படகுகள் போகவில்லை. இப்படி ஏதாவதொரு படகு யார்டின் பின்கோடியில் வாடகை பாக்கியோடு, கிழிந்த தார்ப்பாயின் கீழ் நிற்கும். ஒரு டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று அதன் சொந்தக்காரர் சொல்வார். இவர் எடுத்துக்கொள்வார். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. இவர் பார்ப்பார். கையெழுத்துப் போட்ட பிறகு, ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கி வைத்துப் பார்ப்பார்.

தொடக்கத்தில் திட்டம் ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும். வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பாக உதிரும் ஜெல்கோட் என்ற மேற்பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. கீறல்களுக்குப் பட்டி பார்ப்பது. பிரைமர். மேலே இரண்டு கோட் பெயின்ட். அடிப்பக்கத்துக்குப் பாசியும் சிப்பியும் ஒட்டாத செம்புப் பெயின்ட். மே மாதக் கடைசியில் தண்ணீரில் இறக்குவது. ஒழுங்காகச் செய்தால் இது ஒரு வசந்த காலத்து வேலை; செய்து முடித்தவர்களும் இருக்கிறார்கள். இவரை முடிக்க விடாதது ஒரே ஒரு வாக்கியம்: “எதற்கும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவோம்.”

திறப்பு வழக்கமாக ஒரு திருகாணியில் தொடங்குகிறது. மேல்தளத்தில் கயிறு கட்டும் கொக்கி ஒன்று இருக்கும். அதைச் சுற்றிப் பெயின்ட் அடிப்பதைவிடக் கழற்றிவிட்டு அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். தவறில்லை. திருகாணியைக் கழற்றியதும் ஓட்டையிலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரும். அந்தச் சொட்டைப் பார்த்ததும் இவர் முகம் மலரும். பெயின்ட் வேலை அந்த நிமிடத்தோடு முடிவுக்கு வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியக் கொஞ்ச காலம் ஆகும்.

மேல்தளம் ஒரே பலகை அல்ல. மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒரு ஃபைபர் தகடு, நடுவில் பால்சா மரத்துண்டுகள். எடை குறைவு, விறைப்பு அதிகம்; நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொக்கிகளைப் பதித்த ஓட்டைகளில் வைத்த பசை சில பத்தாண்டுகளில் காய்ந்து விரிசல் விட்டுவிடும். அந்த வழியில் தண்ணீர் இறங்கும். பால்சா ஊறி, நொய்ந்து, கடைசியில் ஈர மரத்தூளாகிவிடும். எங்கே ஊறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக் காதால் கேட்க வேண்டும். நல்ல இடம் ‘டக்’ என்னும். கெட்ட இடம் ‘தொப்’ என்னும். இவர் மண்டியிட்டு, கண்ணை மூடி, காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டுவார். கெட்ட இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவார். ‘டக்’கா ‘தொப்’பா என்று தீர்மானமாகாத இடங்களையும் கோட்டுக்குள் சேர்த்துக்கொள்வார். எதற்கும் இருக்கட்டுமே.

பிறகு மேல் தகட்டை வட்ட ரம்பத்தால் அறுத்து எடுப்பார். ஈரமான பால்சாவைச் சுரண்டுவார். சுரண்டும்போது பாய்மரத்தின் கம்பிகளைப் பிடித்திருக்கும் எஃகுத் தகடுகளில் ஒன்று கண்ணில் படும். துரு இல்லை; ஆனாலும் தளத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில் இருந்தால்? அதைக் கழற்ற உள்ளே அலமாரியைப் பெயர்க்க வேண்டும். அலமாரிக்குப் பின்னால் மின்கம்பிகள் இருக்கும். அவை வேலை செய்கின்றன. ஆனால் 1960களின் கம்பிகள். இவ்வளவு திறந்தாகிவிட்டது, இப்போது மாற்றாவிட்டால் எப்போது மாற்றுவது? கம்பிகள் எஞ்சினுக்குப் போகின்றன. எஞ்சின் ‘அட்டாமிக் 4’ என்ற பெட்ரோல் எஞ்சின். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று மாறினாலும் காதுக்குத் தெரியும் அளவுக்குச் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதையும் எதற்கும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவது நல்லது என்று முடிவாயிற்று. அது இப்போது வீட்டுக் கார் ஷெட்டில், பழைய படுக்கை விரிப்பின் மேல், பகுதி பகுதியாக இருக்கிறது. கார் தெருவில் நிற்கிறது.

கழற்றிய ஒவ்வொரு திருகாணியும் பிளாஸ்டிக் பைக்குள் போடப்பட்டு, எந்த இடத்தது என்று எழுதப்படும். இந்த ஒழுங்கு பாராட்டத்தக்கதே. எழுதிய மையை அசிட்டோன் கரைத்துவிடும் என்பதும், யார்டில் இவர் கை பட்ட எல்லாவற்றிலும் அசிட்டோன் இருக்கும் என்பதும் பின்னால் தெரியவரும்.

மூடும் வேலையும் ஒரு கட்டத்தில் தொடங்கத்தான் செய்கிறது. அப்போது எபாக்ஸி வருகிறது. வழக்கமான கலவை 5 பங்கு ரெசினுக்கு 1 பங்கு ஹார்டனர். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது. கடைசிவரை சரியாக இறுகாது. கலந்ததை அகலத் தட்டில் பரப்பாமல் ஆழமான கோப்பையில் வைத்துக்கொண்டு வழிப்போக்கருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால், கலவை தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். இந்த விதி இவர் விளக்கிக்கொண்டிருந்த விளக்கத்திலேயே இருக்கும். புதுப் பால்சாவைப் பதித்து, தகட்டைத் திரும்ப ஒட்டி, வெட்டின விளிம்புகளைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தகட்டின் தடிமனைப்போல் 12 மடங்கு அகலச் சரிவு என்பது கணக்கு. இந்த விஷயத்தில் இவர் அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்க மாட்டார். மேலே கண்ணாடித் துணி, எபாக்ஸி, பட்டி. எபாக்ஸி இறுகியதும் மேலே மெழுகுபோல் படலம் ஒன்று பூத்திருக்கும். அதைத் தண்ணீர் விட்டு நாரால் கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், மேலே பூசுவதும் ஒட்டாது. இதெல்லாம் இவருக்குத் தெரியும். இவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம்.

பெயின்ட் விஷயத்துக்கு வந்தால், டப்பா வாங்கிப் பல காலமாகிறது. நிறம் கருநீலம். பளபளக்கும் கருநீலம் அடிக்கப்பட்ட பரப்பில் ஒரு பள்ளம், ஒரு மேடு, ஒரு தேய்த்த கோடு இருந்தாலும் தண்ணீரின் அக்கரையிலிருந்து தெரியும். வெள்ளை அடித்தால் பாதிக் குறை மறையும். வெள்ளை அடிக்க மாட்டார். ஆகவே 80ஆம் நம்பர் தாள், 120, 220, பிறகு 320 என்று போய், பிரைமர் அடித்து, பிரைமர் காட்டிக்கொடுத்த ஊசித்துளைகளுக்குப் பட்டி வைத்து, மறுபடி 120இலிருந்து இறங்குவார்.

இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்தான் இவர் தேர்வு. தெளித்தால் அதன் நஞ்சு மூச்சில் கலக்கும் என்பதால் உருளையால் பூசி, ஈரம் காயுமுன் இன்னொருவர் தூரிகையின் நுனியால் நீவிவிட வேண்டும். எனவே இரண்டாம் ஆள் தேவை. இரண்டாம் ஆளாக மனைவி முன்பு வந்துகொண்டிருந்தார். ஆள் கிடைத்தாலும் பருவம் கிடைக்க வேண்டும். குளிர்காலத்தில் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே பெயின்ட் ஒழுங்காகக் காயாது. ஏப்ரலில் பைன் மரங்களின் மஞ்சள் மகரந்தம் ஈரப் பெயின்ட் எல்லாவற்றிலும் வந்து உட்காரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புழுக்கம், பூச்சி, பிற்பகல் இடிமழை. செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அருமையானவை. ஆனால் அக்டோபரில் அனாபொலிசில் 1970 முதல் நடந்துவரும் பாய்ப்படகுக் கண்காட்சி. அதற்குப் போகாமல் முடியாது. திரும்பி வரும்போது சாயங்காலப் பனி தொடங்கிவிடும். ஈரத்தில் பளபளப்பு மங்கும். “சரி, அடுத்த வசந்தத்தில்” என்று டப்பா உள்ளே போகும்.

அவசரத்தில் இவர் அடித்து முடித்தது அடிப்பக்கத்துச் செம்புப் பெயின்ட் மட்டுமே. அதில் பழைய வகைகள் அடித்த பிறகு தண்ணீரைப் பார்க்காமல் மாதக்கணக்கில் காற்றில் நின்றால் வீரியம் இழக்கும். ஆகவே அதையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். இடையில், தகரச் சேர்மம் கலந்த அந்தக் காலத்துப் பெயின்ட் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று சொல்லிக்கொள்வார். சிறு படகுகளுக்கு அதை அமெரிக்கா 1988இல் சட்டம் போட்டு நிறுத்தியது. சிப்பியும் மீனும் இருக்க வேண்டுமே என்ற சாதாரணக் காரணம்தான்.

செம்புப் பெயின்ட்டைத் தேய்க்கும்போது எழும் நீலத் தூசி உடம்புக்குக் கெடுதி. தூசி உறிஞ்சும் குழாய் இணைத்த மெஷினால் மட்டுமே தேய்க்க வேண்டும் என்பது பெரும்பாலான யார்டுகளின் விதி. இவரிடம் குழாய் இருக்கிறது. அது சற்றுச் சிறியதாக இருப்பதால் பொருந்துவதில்லை. பக்கத்துப் படகுக்காரர் மூன்று வார இறுதிகளைச் செலவழித்து வார்னிஷ் அடித்துவைத்த கைப்பிடிகளில் அந்த நீலம் ஒட்டிக்கொண்டது. காய்ந்த வார்னிஷ் அல்ல, ஈர வார்னிஷ். துடைத்தாலும் போகாது, மொத்தத்தையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இதைப் பற்றிச் சொன்னதற்கு, வார்னிஷின் கீழே மரம் எப்படி இருக்கிறது என்று எதற்கும் ஒரு தடவை சுரண்டிப் பார்ப்பது நல்லதுதான் என்று பதில் வந்தது. அதே பக்கத்துப் படகுக்காரரிடமிருந்து அரை மணி நேரத்துக்கென்று வாங்கிப்போன சாண்டிங் மெஷினும் இன்னும் திரும்பவில்லை. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில் ரெசின், ஹார்டனர், பருவநிலை எதற்கும் சம்பந்தமில்லை.

படகு இறங்கும் நாளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இவர் சொல்லும் பதில் ராபின் லீ கிரேகம். 1965இல், 16 வயதில், 24 அடி ஃபைபர் படகில் கலிபோர்னியாவிலிருந்து தனியாக உலகைச் சுற்றக் கிளம்பிய பையன். அவன் நடுவழியில் அந்தப் படகை விட்டு 33 அடிப் படகுக்கு மாறினான் என்பதை இவர் சொல்வதில்லை. உலகம் முழுதும் சுற்றிவர அவனுக்கு 1970 வரைதான் ஆயிற்று என்பதையும், அந்த ஐந்து ஆண்டுகளைத் தன் மேல்தளத்தோடு ஒப்பிட்டு யாரும் பேசிவிடக் கூடாதே என்பதற்காக, விட்டுவிடுகிறார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புயல் வரும் என்று அறிவிப்பு வந்த இரவில் யார்டிலுள்ள படகுகளின் இரும்புக் கால்களை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சங்கிலி போட்டுக் கட்டியவர் இவர்தான். அவற்றில் பக்கத்துப் படகும் ஒன்று. புதிதாக வந்த இளம் தம்பதியின் படகில் தளம் அமுங்கியபோது, பணம் வாங்காமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அறுத்து, அடைத்து, மூடிக் கொடுத்தார். அடுத்தவர் படகென்றால் மூடத் தெரிகிறது. அவர்கள் ஜூனில் பாய் விரித்துப் போய்விட்டார்கள். சாயங்காலங்களில் இவர் ஏணியேறி, தரையிலிருந்து 10 அடி உயரத்தில் தன் படகில் உட்கார்ந்து, காற்று தென்மேற்கு, போகலாம் என்கிறார். காற்றைப் பற்றி அவர் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கிறது.

இத்தகையவர் உள்ள யார்டில் இடம் எடுப்போர், காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று விசாரித்து, அவரைத் தொடுமுன் தங்களைத் தொடும் பக்கமாகப் பார்த்துக் கேட்டு வாங்கவும். அவர் மெஷின் இரவல் கேட்டால் பழுதாகிவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டாம். திறந்து பார்க்க உடனே வந்துவிடுவார்.