பாரதியின் கடிதமும் அமீஷின் இலவசமும்

கேள்வி: சொந்தச் செலவில் புத்தகம் போட்டவர் கட்டிலுக்கடியில் கிடக்கும் கட்டுகளை எப்படித்தான் விற்பது?

பதில்: முதலில் வெளியே இழுத்துப் போட வேண்டும்!

பாரதியாரும் சொந்தமாகப் புத்தகம் போடப் பாடு பட்டவர்தான். 1920-இல் தன் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதி அச்சிடத் திட்டமிட்டு, தெரிந்தவர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் அனுப்பினார். அவை மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்கும் என்று மனதார நம்பினார். எதிர்பார்த்த பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவரே போய்விட்டார். நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஆனால், நம் காலத்து நாவலாசிரியர் அமீஷ் திரிபாதிக்கு விற்பனையில் கை கொடுத்தது ஒரு சின்ன யோசனை. பதிப்பாளர்கள் பலர் தள்ளிய அவருடைய மெலூஹா நாவல் 2010-இல் வந்தபோது, முதல் அத்தியாயத்தை மட்டும் தனியே அச்சடித்துப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுக்க வைத்தார். அல்வாக் கடைக்காரர் உள்ளங்கையில் ஒரு துண்டு வைப்பாரே, அதே உத்தி!