நெய்யூர்க் கடனுக்கு டேபிள் டென்னிஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம். குளிர்தான் எலும்பு வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.

விசேஷம் என்னவென்றால், இங்கே பிரிட்டனில் நான் போகும் சபையில் என்னை வாலிபர்களுக்கு வழிகாட்டியாகப் போட்டுவிட்டார்கள். சிரிக்காதீங்க. நம்ம செங்கல் ஊர் வாலிபர் சங்கத்தில் பந்தல்கால் நடவும் பெஞ்சு சுமக்கவும் மட்டுமே கூப்பிடுவீர்களே, அதே நான்தான்.

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து சாயா கொடுத்தார்கள். சபைச் செயலாளர் ஒரு பாட்டி. “உங்கள் ஊரில் எந்தச் சபை?” என்றார். “சி.எஸ்.ஐ.” என்றேன். “அப்படியானால் நீ நம்ம ஆள்!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். சும்மா சொல்லவில்லை. 1795இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் இவர்களுடைய முன்னோர்கள்தான். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது அந்தச் சங்கத்தின் வழியாக. பாறசாலை மிஷனும் அதுவே. பாட்டியின் சபையார் 1972இல் பிரெஸ்பிட்டேரியன்காரர்களோடு இணைந்து யுனைடெட் ரிஃபார்ம்ட் சபை ஆனார்கள். நம்ம மிஷன் சபைகள் மற்றவர்களோடு இணைந்து சி.எஸ்.ஐ. ஆனது அதற்கும் முந்தி, 1947இல். ஆக, பாட்டி எனக்குப் பெரியம்மா முறை.

வாய் சும்மா இருக்காமல் சோமர்வெல் டாக்டர் கதையையும் எடுத்துவிட்டேன். 1922இல் எவரெஸ்ட் ஏற வந்தவர், ஊர் திரும்பும் முன் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்த்தார்; நோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே ஒரே டாக்டர் திண்டாடுவதைக் கண்டு, லண்டனில் காத்திருந்த பெரிய வேலையை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார் என்று சொன்னேன். பாட்டி உடனே கணக்குப் போட்டார்: “நாங்கள் அவரை அனுப்பினோம். கடவுள் உன்னை அனுப்பியிருக்கிறார்.” என்னை அனுப்பியது ஏஜென்ட்டும் பேங்க் லோனும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளைகள் பக்கம் விடுவதற்கு முன் என் பூர்வோத்தரத்தையே தோண்டினார்கள். டி.பி.எஸ். என்று ஒரு சோதனை. போலீஸ் கேஸ் உண்டா என்று அரசாங்கமே பார்க்கும். அப்புறம் ஒரு வகுப்பு: எந்தப் பிள்ளையோடும் கதவடைத்த அறையில் தனியாக இருக்கக்கூடாது. ரகசியம் சொல்ல வந்தால் “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. ஆபத்தான விஷயமானால் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆகவேண்டும். உங்களை நினைத்துக்கொண்டேன். வசனம் மறந்தவனை முழங்காலில் நிறுத்திப் பிரம்பை எடுப்பீர்களே, இங்கே அதைச் செய்தால் ஜெயிலில் உட்கார்ந்து முழு வேதாகமத்தையும் மனப்பாடம் பண்ணலாம்.

வெள்ளி சாயங்காலம் கூட்டம். தானியேல் சரித்திரத்தை மூன்று தலைப்பில் தயார் பண்ணிக்கொண்டு போனேன். பிள்ளைகள் டேபிள் டென்னிஸ் ஆடினார்கள். ரொட்டியில் பீன்ஸை ஊற்றித் தின்றார்கள். தானியேல் சிங்கக் கெபியிலேயே இருந்தார். சித்தி கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்தை வைக்கவும் பயறு, கருப்பட்டி, தேங்காய், எள்ளு என்று எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. அலர்ஜி தரும் 14 பொருட்களின் பட்டியல் இருக்கிறதாம். அதில் நம்ம எள்ளும் ஒரு குற்றவாளி.

எல்லோரும் போனபின் ஒரு பையன் பாத்திரம் துடைக்க நின்றான். நேருக்கு நேர் உட்கார்த்திக் கேட்டால் “ஓகே” தவிர வேறு சொல்லாதவன். நான் கழுவக் கழுவ, அவன் தட்டைத் துடைத்துக்கொண்டே, அப்பா தனியே போய்விட்டதையும் பரீட்சைப் பயத்தையும் சொன்னான். நான் பதில் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. கழுவின தட்டையே மறுபடி கழுவினேன். அடுக்களைக் கதவு திறந்தேதான் இருந்தது, சட்டப்படி! அன்று முதல் பாத்திரம் கழுவும் மெஷினை யாரையும் தொடவிடுவதில்லை. மெஷின் ரிப்பேர் என்று பாட்டி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பிள்ளைகளுக்கு நம்ம வாலிபர் சங்கத்தோடு வீடியோவில் பேச ஆசை. வெள்ளிக் கூட்டம் நடக்கும்போது உங்களுக்குப் பாதிராத்திரி ஆகிவிடும். அதனால் சனிக்கிழமை, இங்கே காலை 10 மணி. அந்த நேரத்துக்கு இவர்களை எழுப்புவதைவிட எவரெஸ்ட் ஏறுவது லேசு. அது என் பாடு. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: முன்வரிசையில் நில்லுங்க, ஜெபமும் பண்ணுங்க, பிரம்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாங்க. கேமராவில் தெரிந்தால் பாட்டி உங்களுக்கும் டி.பி.எஸ். படிவம் அனுப்பிவிடுவார்.

அன்புடன்,
உங்கள் மகன்