சட்டை மாத்துன மாத்திரை

வாரும் வே மருமவனே. என்ன, கண்ணு ரெண்டும் குழிப்பணியாரமா உப்பிக் கெடக்கு?

போன மாசம் இடுப்புவலிக்கு டைக்குளோஃபினாக் போட்டு இதே கோலத்துல வந்தீரு. "இனி அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன் மாமா"ன்னீரு. இன்னைக்கு ஐபுபுரோஃபெனா? வேற மாத்திரைதானன்னு நெனச்சீராக்கும்! பொண்ணு தரமாட்டேன்னு வெரட்டுன வீட்டுக்கே சட்டையை மாத்திக்கிட்டுப் போயிருக்கீரு.

அதுக பொறந்த வீடு வேறதான். பாக்குற சோலி ஒண்ணு வே. உடம்புல காக்ஸ்னு ஒரு மடை. வலி, வீக்கம் அதுவழியாத்தான் பாயும். ஆஸ்பிரின், நாப்ராக்சென், அசிக்ளோஃபினாக் எல்லாம் அந்த மடையத்தான் அடைக்கும். ஊருக்கெல்லாம் அதோட வலி போயிரும். சில உடம்புல மட்டும், இங்க அடைச்ச தண்ணி பக்கத்து வாய்க்காலை ஒடச்சுக்கிட்டுப் பாயும். லூக்கோட்ரியன்னு பேரு. தடிப்பு, வீக்கம், சிலருக்கு மூச்சிரைப்பு. மூச்சு விசிலடிச்சா எங்கிட்ட நியாயம் கேட்டு வராதேயும், பெரியாஸ்பத்திரிக்கு ஓடும்.

ஒரே ஒரு மாத்திரை மட்டும் ஆகாதவுகளும் உண்டு, மத்தது ஒத்துக்கிடும். நீரு எந்த ரகம்னு டாக்டருதான் பாத்துச் சொல்லணும். மூணு கலரைப் பொட்டணம் கட்டி "ஒரு செட்டு"ன்னு நீட்டுறவன் சொல்லக்கூடாது. அந்தப் பொட்டணத்துல பேரும் இருக்காது, ஊரும் இருக்காது.

பாரசிட்டமால் 500 பெரும்பாலும் தாங்கும். மடைய அது லேசாத்தான் தொடும். ஆனா அதோட அசிக்ளோஃபினாக்கைக் கலந்து ஒரே வில்லையா விக்கான். அட்டையத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியும். படிச்ச மாப்பிள்ளைன்னுதான பொண்ணு குடுத்தாக?

வருசம் பூரா மூக்கை உறிஞ்சிக்கிட்டுத் திரியிதீரே, அதையும் டாக்டர்ட்ட சொல்லும். ஆஸ்துமா, மூக்குல சதை, ஆஸ்பிரின் ஆகாமை மூணும் சேந்து வரும்னு 1922லயே பிரான்சுல விடால்னு ஒரு டாக்டரு சொல்லிட்டாரு. டைபாய்டுக்கு ரத்தம் எடுக்கான்லா, விடால் டெஸ்ட்டு, அந்த ஆளேதான்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீரா? ரெண்டு வருசம் நானும் வீங்கிக்கிட்டு, உங்க அத்தை வச்ச கருவாட்டுக் கொழம்புதான் காரணம்னு சண்டை போட்டேன். மூட்டுவலி மாத்திரைதான்னு தெரிஞ்ச அன்னைக்கு அவ ஒத்த வார்த்தை பேசல. இன்னைக்கும் கருவாடு கேட்டா, தட்டு ஓரத்துல காலி மாத்திரை அட்டை ஒண்ணை வச்சுட்டுப் போயிருதா.