குடிக்காத சிகரெட்

நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்னால் போதும், வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி, "சிகரெட் உண்டோ?" இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. என் மச்சினன் குரலைத் தாழ்த்தி, "இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது, சொல்லிடுங்க மாமா" என்றான். கல்யாணமான நாளாய் இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அலமாரித் தட்டுகூட ஒதுக்கப்பட்டதில்லை. சிகரெட்டை எங்கே ஒளிப்பேன்?

மானத்தைக் காப்பாற்றியது மரபணுப் பரிசோதனைதான். ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஒரு மாற்றமாம். புகை பிடிக்காதவர்களிடம், அதிலும் ஆசியர்களிடம், இந்த வகை அதிகம் என்றார் டாக்டர். அறிக்கையை லாமினேட் செய்து கூடத்தில் மாட்டலாம் என்றேன். மனைவி சம்மதிக்கவில்லை. எனக்கு உள்ளூர வேறொரு வருத்தம். காலேஜில் நண்பர்கள் நீட்டியபோதெல்லாம் ஒழுக்கம் பேசி மறுத்தவன் நான். அவர்கள் எல்லோரும் இன்று என்னைப் பார்க்க ஆப்பிளோடு வருகிறார்கள்.

தினம் ஒரு கெஃபிடினிப், 250 மில்லிகிராம். அதோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவும் ஏற்றலாமா என்பது பேச்சு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 350 பேரிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். மாத்திரை மட்டும் என்றால் நோய் வளராமல் அடங்கியிருந்த காலத்தின் இடைநிலை அளவு 8 மாதம், கீமோவும் சேர்ந்தால் 16. பக்கவிளைவும் கூடுதல்தான் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், ஆடித் தள்ளுபடியில் பழகிய என் மனைவி, "ரெட்டிப்பா? அப்ப ரெண்டையும் போடுங்க டாக்டர்" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. அது வீட்டு வழக்கம். நான் இடைநிலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதிப்பேர் அதைத் தாண்டுவார்கள் என்றல்லவா அர்த்தம்! வகுப்பில் ஒருநாளும் மேல்பாதிக்கு வராதவனுக்கு இப்போதுதான் அந்த ஆசை வந்திருக்கிறது.

மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் முகமெல்லாம் பரு. பேரனுக்கும் எனக்கும் ஒரே களிம்பா என்று வீட்டில் ஆராய்ச்சி நடந்தது. (இல்லை. எனக்கு எழுதிக் கொடுத்தது வேறு.) பிறகு கண் இமை முடி நீண்டு சுருள ஆரம்பித்தது. இதுவும் மருந்தின் வேலைதானாம். மூக்குக்கண்ணாடி போட்டால் இமை உள்ளே இடிக்கிறது. மருமகள் ஏக்கத்தோடு பார்த்து, "என்ன மஸ்காரா மாமா?" என்கிறாள். தலையில் இருக்க வேண்டிய காலத்தில் உதிர்ந்துவிட்டு இமையில் வந்து முளைப்பானேன்!

நகச்சுற்று வேறு. கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பரவியது. பார்க்க வந்த அத்தை எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகச் சொன்னார். எலுமிச்சை விற்கிற விலையில் எத்தனை விரலுக்குச் செருகுவது என்று மனைவி யோசித்தாள். அதற்குள் டாக்டரின் களிம்பு வந்துவிட்டது. ஒரே ஆதாயம், தேங்காய் துருவுவதிலிருந்து விடுதலை.

பெட் ஸ்கேனுக்கு முன் கதிரியக்கம் உள்ள சர்க்கரைக் கரைசலை ஊசியில் ஏற்றினார்கள். 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகக் குறையும். அதனால் சில மணி நேரம் குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கம் போகாதீர்கள் என்றார்கள். மச்சினனையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். டெக்னீஷியன் சிரிக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது டெக்ஸாமெத்தசோன். பெமெட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்தால் உடம்பில் தடிப்பு வராமலிருக்க, ஏற்றுவதற்கு முந்தின நாள், அன்று, மறுநாள் என்று மூன்று நாள் இந்த ஸ்டீராய்டு. தூக்கம் போயே போய்விடும். பசி ஆளைத் தின்னும். முதல் தடவை விடிகாலை இரண்டு மணிக்குப் பரணில் ஏறி, 1990-களின் மின்கட்டண அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். அடுத்த ராத்திரி குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த மனைவி கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்றாள். அப்புறம், "அந்தப் பித்தளை அண்டாவையும் எடுத்துத் தரவா?" என்றாள்.

அதன்பின் வருகிற நாட்களில் நான் ஒன்றுக்கும் உதவாதவன். கஞ்சி, படுக்கை, கழிவறை. அந்தப் பாதையில் ராத்திரி விளக்கை அணைக்காமல் விடுகிறாள். மின்கட்டணம் பற்றி என்னிடமிருந்து ஒரு வார்த்தை வராததை அவளும் கவனித்திருப்பாள்.

போன முறை டாக்டரிடம், "இந்த டெக்ஸாவை மாசம் பூராவும் குடுக்க முடியாதுங்களா?" என்று கேட்டே விட்டாள். கூடாது, சர்க்கரை ஏறும், எலும்பு தேயும் என்று அவர் விளக்கினார். அவளுக்குத் திருப்தியில்லை. நாளைக் காலை அடுத்த டெக்ஸா. ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டியாகிவிட்டது: எக்ஸாஸ்ட் ஃபேன், சமையலறை மேல்தட்டு, முடிந்தால் மச்சினன் வீட்டு ஒட்டடை.