சினத்தலும் சினத்தல் நிமித்தமும்

குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல் என்று திணைக்குத் திணை உரிப்பொருள் சொன்ன நம் இலக்கண நூலார், பத்திரிகை அலுவலகத்துக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். அந்தக் காலத்தில் பத்திரிகை ஏது என்று கேட்பது சரியான சமாதானம் ஆகாது. பாலைக்கும்தான் சொந்த நிலம் இல்லை, திணை இருக்கிறதே! இக்குறையைப் போக்கும் பொருட்டு, அமெரிக்கக் கதை, நாடகம், காமிக்ஸ், சினிமா எல்லாவற்றிலும் வந்து ஒரு கத்து கத்திவிட்டுப் போகும் கடுகடு பத்திரிகை ஆசிரியரைத் திணை இலக்கணத்துக்குள் கொண்டுவருவதே இவ்வாய்வின் நோக்கம். உரிப்பொருள் தலைப்பிலேயே உள்ளது.

முதற்பொருளில் நிலமாவது, பெரிய கூடத்தின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்த அறை. கண்ணாடி எதற்கு என்றால், உள்ளே ஒருவர் திட்டு வாங்குவதை வெளியே இருக்கும் அனைவரும் பார்த்துப் பயன்பெற. பொழுது, பக்கம் முடிக்க அரை மணி நேரம் இருக்கும் வேளை. பெரும்பொழுது என்று தனியாக இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே வெயில்தான்.

கருப்பொருள்கள்: சுருட்டு, தோள்பட்டை வழியாகப் போகும் கால்சட்டை வார், முழங்கை வரை மடித்த சட்டை, கீழ் இழுப்பறையில் ஒரு பாட்டில். பழைய படங்களில் நெற்றிக்கு மேலே பச்சை நிற செல்லுலாய்டு மறைப்பு ஒன்றும் காணப்படும். மின்விளக்கின் கூச்சத்திலிருந்து கண்ணைக் காக்க அன்றைய டெஸ்க் ஆட்கள் உண்மையிலேயே அணிந்தது அது. பறை, டெலிபோன். தெய்வம், முதலாளி. ஈவ்லின் வா எழுதிய 'ஸ்கூப்' (1938) என்ற ஆங்கிலேய நாவலில் இத்தெய்வத்தின் பெயர் லார்டு காப்பர். அவர் எவ்வளவு தப்பாகச் சொன்னாலும் 'இல்லை' என்று சொல்லும் துணிச்சல் அவருடைய வெளிநாட்டுச் செய்தி ஆசிரியருக்குக் கிடையாது. மேலே இருப்பவரிடம் விழுங்கிய 'இல்லை'கள்தாம் கீழே இருப்பவரிடம் கத்தலாக வெளிவருகின்றன என்பது உய்த்துணரத்தக்கது.

இனி மரபு. இக்குலத்தின் மூதாதை என்று இவ்வாய்வாளர் கருதுவது, மார்க் ட்வெய்ன் 1869-இல் எழுதிய டென்னஸி பத்திரிகைக் கதையில் வரும் தலைமை ஆசிரியர். உடம்பைத் தேற்றிக்கொள்ளத் தெற்கே வந்து உதவி ஆசிரியராகச் சேர்ந்த ஓர் அப்பாவி, தன் முதல் காப்பியை நீட்டுகிறான். தலைமை ஆசிரியர் அதை அடித்துக் குதறிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக யாரோ சுடுகிறார்கள். இவரும் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுடுகிறார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் அப்பாவிக்கு ஒரு விரல் போகிறது. தலைமை ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து திருத்தத்தைத் தொடர்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது துப்பாக்கியை அல்ல, திருத்தத்தை. ஏனெனில் இவருக்குப் பிறகு வந்த வாரிசுகள் துப்பாக்கியோடு பேனாவையும் கீழே வைத்துவிட்டார்கள். இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுவே: கதைகளில் வரும் கடுகடு ஆசிரியர் பெரும்பாலும் எதையும் திருத்துவதில்லை.

சான்று வேண்டுமா? பென் ஹெக்ட், சார்லஸ் மக்கார்தர் இருவரும் சேர்ந்து எழுதி 1928-இல் நியூயார்க்கில் மேடையேறிய 'தி ஃப்ரண்ட் பேஜ்' நாடகத்தின் வால்டர் பர்ன்ஸை எடுத்துக்கொள்வோம். இவருடைய மூலம் வால்டர் ஹோவி என்ற சிகாகோ ஆசிரியர். ஹோவிக்கு ஒரு கண் கண்ணாடி. எதில் கொஞ்சம் இரக்கம் தெரிகிறதோ அதுதான் கண்ணாடிக் கண் என்று ஒரு பேச்சு உண்டு. நாடகம் நடப்பது குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்தின் நிருபர் அறையில். பர்ன்ஸ் அங்கே நேரில் வருவதே இரண்டாம் அங்கத்தின் முடிவில்தான். அதுவரை அவர் வெறும் டெலிபோன். கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க்குக்கு ஓடப்பார்க்கும் நிருபர் ஹில்டி ஜான்சனை வேலையை விட்டுப் போகவிடாமல் செய்வதே அவருடைய ஒரே தொழில். முடிவில் மனம் இளகினாற்போலத் தன் கடிகாரத்தைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்து ரயிலேற்றிவிட்டு, 'கடிகாரத் திருடன் வருகிறான், பிடியுங்கள்' என்று வழியிலுள்ள ஊர்ப் போலீசுக்குச் சொல்லியனுப்புகிறார். 1940-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் இதைப் படமெடுத்தபோது ஹில்டி பெண்ணாக மாறினார், ஆசிரியரின் முன்னாள் மனைவியாகவும் ஆனார். ஆசிரியர் மாறவில்லை. மனைவியோ நிருபரோ, ஆள் கையை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். இத்தனை சாமர்த்தியமும் காட்டுகிறவர் எந்த இடத்திலாவது ஒரு கமாவை எடுத்தார் என்பதற்குச் சான்றில்லை.

காரணம் எளிது. திருத்துவதற்குச் சத்தம் கிடையாது. ஒருவர் குனிந்து உட்கார்ந்து 'நேற்று' என்பதை அடித்து 'செவ்வாயன்று' என்று எழுதுவதைப் பார்க்க எவரும் டிக்கெட் வாங்கமாட்டார். ஆகவே கதாசிரியர்கள் திருத்தத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கத்தலை வைத்தார்கள். டெய்லி பிளானட்டின் பெர்ரி வைட் 1940-இல் முதலில் தோன்றியது சூப்பர்மேன் வானொலித் தொடரில். காமிக்ஸ் பக்கத்துக்கு அதற்குப் பின்னரே வந்தார். காதால் மட்டுமே அறியப்பட்ட ஆசிரியர் கத்தாமல் வேறென்ன செய்வார்? கதைக்கும் அவரால் ஓர் உதவி உண்டு: நாயகனை நாற்காலியிலிருந்து எழுப்பி வெளியே துரத்த ஓர் ஆள் வேண்டுமல்லவா!

விதிவிலக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' (1976) படத்தில் வாஷிங்டன் போஸ்டின் பென் பிராட்லியாக வரும் ஜேசன் ரொபார்ட்ஸ், காப்பியைப் படிக்கிறார், போதாது என்கிறார், உள்பக்கத்துக்குத் தள்ளுகிறார். இதற்கு ஆஸ்கரே கிடைத்தது. ஆனால் பிராட்லி நிஜ மனிதர். நிஜ ஆசிரியர்கள் திருத்துவார்கள். அது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மெய்ப்பாடுகளுள் வெகுளி பிறக்கும் களன்கள் நான்கு என்கிறது தொல்காப்பியம்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. நம் ஆளுக்கு இவை நான்கும் அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்துகின்றன. உறுப்பறையாவது, கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து முதல் பக்கத்தின் காலை வெட்டுவது. அலையாவது, போட்டிப் பத்திரிகையில் அந்தச் செய்தி நேற்றே வந்திருப்பது. இவற்றுக்கு உரை தேவையில்லை.

குடிகோள், தன் குடியைப் பிறர் நலிதல். இது நுட்பமானது. 2002-இல் வந்த 'ஸ்பைடர்மேன்' படத்தில், படம் விற்க வரும் பையன் பீட்டர் பார்க்கரை நாள் முழுக்க விரட்டும் டெய்லி பியூகிள் ஆசிரியர் ஜே. ஜோனா ஜேம்சனின் கழுத்தைப் பச்சை முகமூடி வில்லன் பிடித்துத் தூக்கி, ஸ்பைடர்மேனைப் படமெடுப்பவன் யார் என்று கேட்கிறான். ஜேம்சன், தபாலில் வருகிறது, யாரென்று தெரியாது என்று சாதிக்கிறார். பையனைத் திட்டும் உரிமை அவர் ஒருவருக்கு மட்டுமே என்க. கொலையாவது, பத்திரிகையையே மூடுவது. 'டெட்லைன் யு.எஸ்.ஏ.' (1952) படத்தில் 'தி டே' நாளிதழை வாரிசுகள் விற்கிறார்கள். ஆசிரியராக வரும் ஹம்ப்ரி போகார்ட், செய்தியை வெளியிடாதே என்று மிரட்டும் ரவுடிக்கு அச்சு இயந்திரம் ஓடும் இரைச்சலையே டெலிபோனில் கேட்கவைக்கிறார். அங்கும் பாருங்கள், சத்தம்தான்.

1950களின் சூப்பர்மேன் டிவி தொடரில் இளம் நிருபர் ஜிம்மி ஓல்சன் 'சீஃப்' என்று கூப்பிட்டதற்கெல்லாம் பெர்ரி வைட் எரிந்து விழுந்தது இந்த நான்கிலும் அடங்கவில்லை. அதைத் தொல்காப்பியர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

இனி இத்துறையின் பெரும் புதிர். பெர்ரி வைட்டிடம் சம்பளம் வாங்கும் கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன். ஜேம்சனுக்குப் படம் விற்கும் பீட்டர் பார்க்கர்தான் ஸ்பைடர்மேன். ஊரின் மிகப் பெரிய செய்தி எதிரே நின்று முன்பணம் கேட்கிறது. செய்தி மோப்பத்துக்குப் பெயர்போன இருவரும் அதைப் பார்த்துக் கத்துகிறார்கள். கண் கோளாறு என்பார் ஒரு சாரார். தெரிந்தே மறைத்தார்கள், இவ்வளவு மலிவாக வேறு ஆள் கிடைக்காது என்பார் மறுசாரார். இரண்டும் பொருந்தாது. நடுவானில் தொங்குகிறவனை அதே உயரத்திலிருந்து எடுத்த படம் மேஜைக்கு வந்தால், எந்தக் கடைசி உதவி ஆசிரியரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: 'எங்கே நின்று எடுத்தாய்?' காமிக்ஸில் 1963 முதல் ஜேம்சன் படங்களை வாங்கிக்கொண்டே இருந்தார். 2006-இல் பீட்டரே பத்திரிகையாளர்களைக் கூட்டி முகமூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. திருத்தாதவருக்குக் கேள்வி தோன்றாது.

2019-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' படத்தின் முடிவில் ஜேம்சன் திரும்பி வருகிறார், நடிப்பவரும் பழைய ஜே. கே. சிம்மன்ஸ்தான். டெய்லி பியூகிள் இப்போது இணையதளம். கண்ணாடி அறை இல்லை, விரட்டுவதற்கு நிருபர் எதிரே இல்லை. கேமராவைப் பார்த்து நம்மிடம் கத்துகிறார். ஸ்பைடர்மேன் யார் என்ற செய்தியை உலகுக்கு உடைப்பவரும் கடைசியில் அவரே. ஆதாரம், வில்லன் மிஸ்டீரியோ சாவதற்கு முன் எடுத்த வீடியோ. இதை எங்கே நின்று எடுத்தார்கள் என்று அவர் இப்போதும் கேட்கவில்லை. வெட்டி ஒட்டித் திருத்தும் வேலையை வில்லன் தரப்பே முடித்து அனுப்பியிருந்தது.